தலை இல்லாமல் ஐம்பது கோடி ஆண்டு

மட்டிக் கறி வைத்த வீட்டில் மிஞ்சும் ஓடுகளில் ஒன்றைக் கழுவி, உட்பக்கத்தை வெளிச்சத்தில் கொஞ்சம் சரித்துப் பாருங்கள். இரண்டு ஓடும் பொருந்தும் மேல் விளிம்புக்குக் கீழே, முன்னும் பின்னுமாக இரண்டு தழும்புகள் தெரியும். மற்ற இடத்தைவிட அங்கே மினுக்கம் சற்று வேறு. ஒரு தழும்பிலிருந்து மற்றதற்கு, கீழ் விளிம்பை ஒட்டியபடி ஒரு மெல்லிய கோடு ஓடும். சில ஓடுகளில் அந்தக் கோடு பின்பக்கத் தழும்பை நெருங்குகையில் உள்ளே மடிந்து ஒரு குடைவு போடும். சில ஓடுகளில் குடைவே இராது.

வாசிக்கத் தெரிந்தவருக்கு இவ்வளவு போதும். உள்ளே இருந்த உயிரைக் கண்ணால் காணாமலே, அது மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்து வாழ்ந்ததா, மேலாகக் கிடந்ததா, பாறையில் ஒட்டியிருந்ததா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அழிந்த இனங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இந்தத் தழும்புகளும் கோடுகளும் சொன்னதுதான்.

தழும்புகளில் இருந்து தொடங்குவோம். அவை மூடு தசைகள் ஒட்டியிருந்த இடங்கள். மட்டி ஓட்டை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பவை இந்த இரண்டு தசைகள்தான். ஓட்டைத் திறப்பதற்கு அதனிடம் தசை எதுவும் கிடையாது. மேல் விளிம்பில் இருக்கும் கருமையான இணைநார் எப்போதும் ஓடுகளை விரிக்கவே பார்க்கும்; தசை விட்டுக்கொடுத்த கணத்தில் ஓடு தானாகத் திறக்கும். துணி காயப்போடும் கிளிப்பில் வில் இறுக்குகிறது, நாம் அழுத்தித் திறக்கிறோம். இங்கே எல்லாம் நேர் தலைகீழ். சட்டியில் கொதி வந்ததும் மட்டிகள் ஒவ்வொன்றாக வாய் பிளப்பதற்கு இதுவே காரணம். சூட்டில் தசை வெந்து பிடியை விடுகிறது, இணைநார் தன் வேலையைச் செய்கிறது. செத்த மட்டி கரையில் விரிந்து கிடப்பதும் அதனால்தான்.

நத்தை, கணவாய், சங்கு, மட்டி எல்லாம் மெல்லுடலிகள் என்ற ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. கணவாய் அந்தக் குடும்பத்தில் பெரிய கண்ணும் பெரிய மூளையும் தேடிக்கொண்டது. நத்தையும் சங்கும் தலையையும் கொம்பையும், உணவைச் சுரண்டி எடுக்கும் பல் வரிசை பதிந்த நாக்கையும் வைத்துக்கொண்டன. மட்டியும் சிப்பியும் சேர்ந்த இரட்டை ஓட்டுக் கூட்டம் மட்டும் தலையையும் நாக்கையும் அடியோடு விட்டுவிட்டது. மூளைக்குப் பதில் உடம்பில் மூன்று சோடி நரம்புத் திரள்கள். பெரும்பாலான இனங்கள் வளர்ந்தபின் ஓரிடத்திலேயே இருந்துவிடும். பாடப்புத்தகங்களில் இதைச் 'சிதைவு' என்ற தொனியில் எழுதும் பழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. இன்று உயிரோடு இருக்கும் இரட்டை ஓட்டு இனங்கள் ஏறத்தாழ ஒன்பதாயிரம் முதல் பத்தாயிரம். குளத்துச் சேற்றிலிருந்து ஆழ்கடலின் வெந்நீர் ஊற்றுவரை அவை இருக்கின்றன. தேடித் தின்ன வேண்டிய தேவையே இல்லாமற் போனவனுக்குத் தலை எதற்கு?

தேவை இல்லாமற் போனது செவுளால். மீனுக்குச் செவுள் மூச்சுக்கு. மட்டிக்கு மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும். இரண்டு பக்கமும் அகன்று தொங்கும் செவுள் இதழ்கள் முழுக்க நுண்ணிய பிசிர்கள். ஒரு வகைப் பிசிர் விடாமல் அடித்து நீரை உள்ளே இழுக்கும். இன்னொரு வகை, நீரில் மிதக்கும் பாசியையும் துகளையும் பிடித்து நிறுத்தும். மூன்றாவது வகை, பிடித்ததைச் சளியில் சேர்த்துச் செவுளின் ஓரத்துப் பள்ளம் வழியே வாய்ப்பக்கம் தள்ளும். வாய்க்கு இரு மருங்கிலும் உள்ள சிறு மடல்கள் அங்கே தரம் பிரிக்கின்றன. வேண்டாத மணலும் சேறும் வயிற்றுக்குப் போகாமலே சளி உருண்டையாக வெளியே வந்துவிடும்.

வயிற்றுக்குள் நடப்பது இதைவிட விநோதம். அங்கே பளிங்குபோலத் தெளிந்த கூழ்க் கோல் ஒன்று இருக்கிறது. அதைச் சூழ்ந்த பையிலுள்ள பிசிர்கள் அதை ஓயாமல் சுழற்றிக்கொண்டே இருக்கும். சுழலும் கோல், வாயிலிருந்து வரும் சளிக் கயிற்றைச் சுற்றி உள்ளே இழுக்கும். அதன் நுனி வயிற்றுச் சுவரில் உள்ள கடினத் தட்டில் உரசித் தேயும். தேயத் தேய அதிலிருந்து சமிபாட்டு நொதிகள் கசியும். பின்பக்கம் புதிதாக வளர்ந்துகொண்டே வரும். ஓர் உறுப்பு முழுச் சுற்றாகச் சுழல்வது விலங்குலகத்தில் மிக அரிது. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் கிடக்கும் சாதாரண மட்டிக்குள் அது நடக்கிறது.

சரி, இப்போது ஓட்டுக் கோட்டின் குடைவுக்கு வருவோம். மட்டியின் உடம்பைப் போர்த்தி, ஓட்டையும் சுரந்து கட்டும் மூடுதோல், ஓட்டில் ஒட்டியிருந்த எல்லைதான் அந்தக் கோடு. புதைந்து வாழும் இனங்களில் மூடுதோலின் பின்விளிம்பு ஒன்றோடொன்று இணைந்து இரண்டு குழல்களாகியிருக்கும்: நீர் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. ஆபத்து வந்தால் குழல்களை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள இடம் வேண்டும். அந்த இடமே குடைவு. நீண்ட குழல் என்றால் ஆழமான குடைவு. ஆழமான குடைவு என்றால் மண்ணுக்குள் ஆழமான இருப்பு. வற்று நேரத்தில் அரியாலைப் பக்கத்துச் சேற்றுத் திடலிலோ மண்டைதீவுக் கரையிலோ நடப்பவர்கள், சாதாழை என்ற கடற்புல்லுக்கு நடுவே மண்ணில் அருகருகே இரண்டு சிறு துளைகளைப் பார்த்திருக்கலாம். கால் வைத்ததும் அதிலிருந்து நீர் பீறிட்டால், கீழே ஆள் இருக்கிறது. குழலை அவசரமாக உள்ளே இழுக்கிறது.

பாறைக்கும் சேற்றுக்கும் இடையில் நிற்கும் இன்னொரு கோஷ்டி அனடாரா இனங்கள். பருமனான ஓடு, வெளியே விசிறியாகப் பரவும் தடித்த வரிகள், பொருத்தில் நேர்கோடாகச் சின்னச் சின்னப் பல் வரிசை. குடைவு இல்லை, ஏனென்றால் நீர்க்குழல் இல்லை. மேற்சேற்றில் பாதி அமிழ்ந்தே வாழும். உடைத்தால் சிவப்பாக நீர் வடியும். பெரும்பாலான மெல்லுடலிகளின் குருதியில் சிவப்பு இல்லை. இவற்றுக்கோ நம்முடையதைப் போல ஹீமோகுளோபின் இருக்கிறது. ஒட்சிசன் குறைந்த சேற்றில் அது பெரிய உதவி. தலை இல்லை என்றேனே, அதற்காகக் கண் இல்லை என்று நினைக்க வேண்டாம். அனடாராவின் உறவுக்காரர் சிலருக்கு மூடுதோல் விளிம்பில் பூச்சிகளுடையதைப் போன்ற கூட்டுக் கண்கள் உண்டு. ஓட்டைத் தட்டித் தட்டி நீந்தும் ஸ்கொலப் என்ற விசிறிச் சிப்பிக்கு இருநூறு கண்கள் வரை இருக்கலாம். அவை ஒவ்வொன்றிலும் ஒளியை விழித்திரையில் குவிப்பது குவானின் படிகங்களால் ஆன ஒரு கண்ணாடி.

இந்தக் கூட்டத்தின் பழைய வரலாறு மிகச் சிறிய ஓடுகளில் தொடங்குகிறது. கேம்பிரியன் காலப் பாறைகளில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய அடுக்குகளில், ஃபோர்டில்லா, போஜெட்டையா என்ற இரண்டு பேரினங்கள் கிடைத்திருக்கின்றன. சில மில்லிமீற்றர் நீளந்தான். ஆனால் இரண்டு ஓடு, நடுவில் பொருத்து, தசைத் தழும்பு எல்லாம் அப்போதே தயார். அடுத்து வந்த ஓர்டோவிசியன் காலத்தில் இனங்கள் பெருகின. இருந்தும் நெடுங்காலம் கடலடியில் மேலாண்மை இவர்களிடம் இல்லை. பிராக்கியோபொட் என்ற வேறொரு கூட்டமும் இரண்டு ஓட்டோடு, நீரை வடித்துண்டு, எங்கும் நிறைந்திருந்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உறவு இல்லை. கையில் எடுத்தால் பிரித்தறிவது எளிது: மட்டியில் இடது ஓடும் வலது ஓடும் ஒன்றுக்கொன்று பிரதிபிம்பம், பிராக்கியோபொட்டிலோ ஒவ்வொரு ஓட்டையும் நடுவால் பிளந்தால்தான் சம பாதிகள் வரும்.

ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பேர்மியன் காலத்தின் முடிவில் நிகழ்ந்த பேரழிவில் கடல் இனங்களில் பெரும்பகுதி அழிந்தது. பிராக்கியோபொட்கள் அதிலிருந்து முழுதாக மீளவில்லை. இரட்டை ஓட்டு உயிர்கள் மீண்டு பெருகின. வல்லவன் மெலிந்தவனை மெல்ல மெல்ல ஓரங்கட்டினான் என்றே நெடுநாள் சொல்லிவந்தார்கள். 1980இல் தொல்லுயிர் ஆய்வாளர்களான ஸ்டீபன் ஜே கூல்டும் பிராட்ஃபோர்ட் காலவேயும் பேரினங்களின் எண்ணிக்கையை எடுத்துப் பார்த்து, அப்படி ஒரு நீண்ட மல்லுக்கட்டு நடந்ததற்கான சான்று இல்லை, பேரழிவு ஒன்றே இரு தரப்பின் தலைவிதியையும் மாற்றிப்போட்டது என்று வாதிட்டார்கள். அதன்மேல் இன்றும் விவாதம் உண்டு. இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. தப்பியதில் தற்செயல் இருந்திருக்கலாம். தப்பியபின் இத்தனை இடங்களைப் பிடித்ததைத் தற்செயல் என்று தள்ள முடியாது. அங்கேதான் நீர்க்குழல் வருகிறது. 1968இல் ஸ்டீவன் ஸ்டான்லி என்ற தொல்லுயிர் ஆய்வாளர் காட்டியது இதைத்தான்: மூடுதோல் விளிம்பு இணைந்து குழலான பிறகே இவர்களால் மண்ணுக்குள் ஆழமாகப் போக முடிந்தது. மேலே இருப்பவர்களுக்குக் கிடைக்காத ஒரு முழு நிலம் கீழே திறந்தது.

கீழே போக வேண்டிய நெருக்கடியும் அப்போது ஏறிக்கொண்டே வந்தது. பேர்மியனுக்குப் பின் வந்த மீசோசோயிக் யுகத்தில் ஓடு நொறுக்கும் நண்டுகளும் மீன்களும் ஓடு துளைக்கும் நத்தைகளும் பெருகின. ஓட்டு உயிர்களை ஆராய்ந்த கீரட் வெர்மெய் 1977இல் இதற்குக் கடலின் மீசோசோயிக் புரட்சி என்று பெயர் வைத்தார். வெர்மெய் மூன்று வயதில் பார்வையை முற்றாக இழந்தவர். ஓடுகளை விரலால் தடவியே, எது எங்கே உடைந்து ஆறியிருக்கிறது, எது தடித்திருக்கிறது என்று படித்தவர். புரட்சியின் தடயம் வேண்டுமென்றால் காரைநகர்க் கசூரினா போன்ற மணற்கரையில் ஒதுங்கிய ஓடுகளைப் பொறுக்கிப் பாருங்கள். சிலவற்றில் பொருத்துக்கு அருகே, யாரோ துறப்பணம் வைத்ததுபோல ஒரு சுத்தமான வட்டத் துளை இருக்கும். வெளிப்பக்கம் அகன்று உள்ளே ஒடுங்கினால் அது நிலா நத்தைக் குடும்பத்தின் வேலை. மட்டியைப் பாதத்தால் போர்த்திப் பிடித்து, ஓட்டை இளக்கும் சுரப்பைப் பூசி, நாக்கால் சுரண்டி, மணிக்கணக்காகத் துளைத்து, உள்ளே வாயை நுழைத்துத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. பிள்ளைகள் நூல் கோத்து மாலை கட்டும் 'ஓட்டை விழுந்த சிப்பி' பெரும்பாலும் இப்படிக் கொலையுண்ட ஒன்று.

மண்ணுக்குள் போகாமல் வெளியே நின்றவர்கள் வேறு வழிகள் கண்டுபிடித்தார்கள். பாலத்துக் கல்லிலும் கண்டல் வேரிலும் ஒட்டும் சிப்பி, குஞ்சிலேயே இடது ஓட்டைச் சீமெந்துபோல ஒரு சுரப்பால் பூசி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் சாகும்வரை நகர்வதில்லை. நகராதவனுக்கு இரண்டு மூடு தசை வேண்டியதில்லை போலும், ஒன்றுதான் மிச்சம். ஓட்டுக்குள் நடுவில் தெரியும் ஒற்றைத் தழும்பு அது. பச்சை ஓட்டு மஸ்ஸல் சிப்பி, பாதத்திலிருந்து புரத நூல்களைச் சுரந்து கல்லோடு கட்டிக்கொள்கிறது. ஈரத்திலும் உப்பிலும் பிடி விடாத அந்தப் பசையைப் பார்த்துத்தான் அறுவைச் சிகிச்சைக்கான பசைகளை உருவாக்க முயல்கிறார்கள். தம்பலகாமக் குடாவில் பேர்பெற்ற கண்ணாடிச் சிப்பி மூன்றாவது வழி: தட்டையாகி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்து, சேற்றின் மேல் மூழ்காமல் கிடக்கிறது. மீசோசோயிக்கின் கடைசிப் பகுதியான கிரிட்டேசியஸ் காலத்தில் ருடிஸ்ட் என்ற கூட்டம் ஓர் ஓட்டைக் கூம்பாக நிமிர்த்தி, மற்றதை மூடியாக்கி, வெப்பக் கடல்களில் பெரும் திட்டுகளாகவே வளர்ந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அவையும் போய்விட்டன.

இந்தக் கூட்டத்தில் நம் கடலோர வரலாற்றை அதிகம் ஆட்டிவைத்தது முத்துச் சிப்பிதான். யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போனால் மன்னார்ச் சிலாவத்துறை, அரிப்புக் கரைக்கு வெளியே இருக்கும் முத்துப் பார்கள், அதாவது சிப்பி படியும் கடலடித் திட்டுகள், ஒரு காலத்தில் உலகத்தின் கண்ணை உறுத்தியவை. ஆனால் அங்கே முத்துக் குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததில்லை. சில ஆண்டுகள் கொட்டும். பிறகு பத்து, இருபது ஆண்டுகள் ஒன்றும் இராது. காரணம் தேடி 1902இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் வந்தார். கூட வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். அவர்கள் கண்டதில் முக்கியமானது, சிப்பியின் குடம்பிப் பருவம். முட்டையும் விந்தும் நீரிலேயே கலந்து, பிறக்கும் குடம்பி வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு அலையும். காற்றும் நீரோட்டமும் ஒத்துழைத்தால் பாரில் வந்து இறங்கும். இல்லையென்றால் வெறும் மணலில் விழுந்து சாகும். இறங்கினாலும் 'பெரிய பார்' என்ற திட்டு போன்ற இடங்களில் சோளகக் கடல் கிளறும் மணல் குஞ்சுகளை மூடிவிடும். மிஞ்சியதைத் திருக்கையும் பிற மீன்களும் நட்சத்திர மீனும் தின்னும்.

1905இல் நடந்த குளிப்பில் எட்டுக் கோடி அளவில் சிப்பி எடுத்தார்கள். அந்தக் காலத்தில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டக் 'கடல்கட்டி' ஒருவர் கரையில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் குளிகாரர் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால், அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. அந்த ஒரு பருவத்தின் கொழுத்த கணக்கைப் பார்த்து 1906இல் ஒரு லண்டன் கம்பனி பார்களை நீண்ட குத்தகைக்கு எடுத்தது. விரைவிலேயே சிப்பி இல்லாமற்போய், கம்பனியும் கலைந்தது. அலைந்து திரியும் குடம்பியின் தயவில் நிற்கும் ஒன்றை நிலையான வருமானம் என்று எண்ணினால் இதுதான் நடக்கும்.

முத்து எப்படி உண்டாகிறது என்பதில் ஹெர்ட்மன் நாடாப்புழுக் குடம்பியைக் குற்றவாளி ஆக்கினார். ஒட்டுண்ணி ஒரு தூண்டுதலாக இருக்கலாம். ஆனால் அடிப்படை வேறு: மூடுதோலின் வெளி அடுக்குக் கலங்களில் சில, காயத்தாலோ வேறு எதனாலோ உடம்பின் உள்ளே போய்விட வேண்டும். ஓடு கட்டுவது அந்தக் கலங்களின் தொழில். உள்ளே போனாலும் அவை தொழிலை விடுவதில்லை. ஒரு பையாகப் பெருகி, பைக்குள் ஓட்டுப் பொருளையே அடுக்கடுக்காகச் சுரக்கும். மணல் துகள் கதைக்கு ஆதாரம் மிகக் குறைவு; மணலில் கிடக்கும் உயிருக்கு மணலைத் துப்பத் தெரியாதா? யப்பானில் உருண்டை முத்து வளர்ப்பு வெற்றிபெற்றதும் இந்த உண்மையைப் பிடித்துத்தான்: ஓர் ஓட்டுமணியோடு இன்னொரு சிப்பியின் மூடுதோல் துண்டையும் சேர்த்து வைத்தார்கள். தூத்துக்குடியில் 1973இல் அழகர்சாமியின் குழு அதே வழியில் இந்தியாவில் முத்து வளர்த்தது.

மரத்தைத் தின்னும் கப்பல் புழுவும் இந்தக் கூட்டந்தான் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். உடம்பு புழுவாக நீண்டு, ஓடு இரண்டும் தலைமாட்டில் சிறு அரங்களாகச் சுருங்கிவிட்டன. திருகித் திருகி மரத்தைச் சுரண்டி, பின்னால் உள்ள சுரங்கத்துக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டே போகும். மரத்தைச் சமிக்கச் செய்வது செவுளில் குடியிருக்கும் பக்டீரியாக்களின் நொதிகள். மரத்தில் வள்ளமும் வத்தையும் கட்டிய ஊர்களில், வெளியே நல்ல பலகையாகத் தெரிவது உள்ளே கூடாகிப் போவதன் பின்னால் பல தடவை இது இருந்திருக்கும். பொறியியலாளர் மார்க் புருனெல் லண்டன் தேம்ஸ் ஆற்றுக்கு அடியால் சுரங்கம் தோண்டும் தன் இயந்திரத்துக்கு இதனிடமிருந்தே யோசனை எடுத்தார் என்பார்கள்.

குளத்து மட்டியின் தந்திரம் இன்னும் நுட்பம். ஓடும் நீரில் குடம்பியை விட்டால் அது கடலுக்குப் போய்விடும். ஆகவே அது தன் குடம்பியை மீனின் செவுளிலும் துடுப்பிலும் கொக்கி போட்டுத் தொங்கவிடுகிறது. சில வாரம் அங்கே ஒட்டுண்ணியாக இருந்து, மீன் போன இடத்தில் விழுந்து வளரும். வன்னிக் குளமொன்றில் மட்டி இருக்கிறதென்றால், அதற்கு ஏற்ற மீனும் அங்கே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தொண்டைமானாற்றுத் தடுப்பால் கடல்நீரேரியை நன்னீராக்கும் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது இதையும் கவனிக்க வேண்டும். உப்பு வடிந்தால் கடல் மட்டி சாகும். நன்னீர் மட்டி மீனைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேரும்.

நமது யாழ்ப்பாணப் பரவைக்கடல் ஏற்கெனவே கடுமையான வீடு. ஆழம் குறைவு. சித்திரை, வைகாசி வெயிலில் ஒதுக்கான பகுதிகளில் உப்பு கடலைவிட ஏறும். வாடை மழையில் மேல்நீர் நன்னீராகவே மாறிவிடும். இரண்டுக்கும் மட்டியின் பதில் ஒன்றே: ஓட்டை இறுக்க மூடிக் காத்திருப்பது. மூடியபின் ஒட்சிசன் தீர்ந்துவிடும். ஒட்சிசன் இல்லாத வழியில் சக்தி எடுக்கும்போது அமிலம் சேரும். அந்த அமிலத்தை முறிக்கத் தன் ஓட்டின் உட்பக்கச் சுண்ணாம்பையே கொஞ்சம் கரைக்கிறது. நல்ல காலம் வந்ததும் மறுபடி கட்டும். இப்படி வளர்ச்சி நின்று தொடர்வதால் ஓட்டில் வரிகள் விழுகின்றன. குளிர் கடல்களில் அவை மர வளையம்போல ஆண்டுக் கணக்குச் சொல்லும். 2006இல் ஐஸ்லாந்துக்கு அருகே எடுத்த ஒரு மட்டிக்கு வரிகளை எண்ணி 507 வயது என்றார்கள். நம் வெப்பக் கடல் மட்டிக்கு அப்படிச் சுலபமாக வயது பார்க்க முடியாது. மழையும் உப்பும் இடையில் புகுந்து வரிபோடும். குடாநாட்டின் அடியில் இருக்கும் மயோசீன் சுண்ணக்கல்லும் இத்தகைய கடல் உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் சேர்ந்து இறுகியதே. நம் கிணற்று நீரின் சவர்க்காரம் நுரைக்காத கடினத்தன்மைக்கும் அந்தச் சுண்ணாம்பே காரணம்.

கடைசியாக, தின்பவர்கள் அறிந்திருக்க வேண்டியது. வளர்ந்த ஒரு சிப்பி நல்ல நிலையில் நாளொன்றுக்கு நூறு லீற்றருக்கும் மேல் நீரை வடிக்கும். நீர் தெளிவதும் சாதாழைக்கு வெளிச்சம் கிடைப்பதும் இதனால்தான். கரையில் மட்டியும் சிப்பியும் குறைந்தால் நீர் கலங்கும். ஆனால் வடித்ததில் கெட்டதும் உடம்பில் தங்கும். நகரத்து வாய்க்கால் விழும் இடத்து மட்டியில் குடல்நோய்க் கிருமிகள் சேர்வது இயல்பு. வாங்கும்போது வாய் விரிந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடாவிட்டால் அது செத்தது, எறிந்துவிடுங்கள். மணல் கக்கவைக்கக் கடல்நீரிலோ அதே அளவு உப்பு நீரிலோ சில மணிநேரம் போடுங்கள். கிணற்று நீரில் போட்டால் இறுக்கி மூடிக்கொள்ளும், மணல் உள்ளேயே இருக்கும். நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். பாரமான உலோகங்களும், சில பாசிகள் பெருகும் காலத்தில் சேரும் நஞ்சும் எத்தனை கொதி கொதித்தாலும் போகாது. ஆகவே எங்கே பொறுக்கியது என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள்.